ஒரு வேன் நிறையத் தனிமை

சென்னையில் கணினி வேலை பார்க்கும் என் தம்பிக்கு, மற்றவர்களுக்கு முதுகுவலி வருகிற வயதில் இயற்கை மேல் காதல் வந்தது. "அக்கா, கொடைக்கானல் போறோம். மலையேத்தம், குதிரை, கூடாரம். போனை அணைச்சுட்டு, ஆள் அரவமே இல்லாம, இயற்கையோட தனியா இருந்துட்டு வர்றோம்" என்றான்.

தனியாக இருக்கப் போகிறவர்களின் பட்டியலைக் கேட்டேன். அவன், அவன் மனைவி, பிள்ளைகள், நான், என் வீட்டுக்காரர், என் மாமியார், அவனுடைய மாமனார் மாமியார், பிறகு 'சும்மா காத்து வாங்க' என்று ஒட்டிக்கொண்ட மாமனாரின் தங்கை குடும்பம். வேன் கொள்ளாமல் பின்னால் ஒரு காரும் வந்தது. போனை அணைத்து வைக்கும் திட்டத்தை எல்லாருக்கும் தெரிவிப்பதற்காக வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினான்.

புறப்படும் முன்பே அவன் கடைக்குப் போய்ப் பாதி மலையை ஏறி முடித்திருந்தான். காற்று புகாத மேலாடை, நீர் புகாத காலணி, எடையே தெரியாத முதுகுப்பை, மடக்கி நீட்டும் கைத்தடி ஒரு ஜோடி. கைத்தடியை என் மாமியார் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளியங்கிரி ஏறுபவர்களுக்கு அடிவாரத்தில் பூண்டியில் மூங்கில் தடி விற்பார்கள். அத்தையின் தம்பி அப்படி வாங்கிய தடி இன்னும் அவர் வீட்டு மாடியில் துணி காயப்போடப் பயன்படுகிறது. "இதுல துணி காயப்போட முடியுமாப்பா?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்லவில்லை.

எடையே தெரியாத அந்தப் பைக்கு எடையை நாங்கள் கொடுத்தோம். புளியோதரை, இட்லிப்பொடி, முறுக்கு, ஓமத்திரவம், கோடாலித் தைலம், கொண்டை ஊசி வளைவுகளில் முகர எலுமிச்சம்பழம், வாயில் போட இஞ்சி மரப்பா, வெந்நீர் பிளாஸ்க். அத்தை தன் தலையணையைக் கொண்டுவந்தார். வேறு தலையணையில் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளுமாம். இயற்கையின் மடியில் தலைசாய்க்கக் கிளம்பிய குடும்பத்தில், மடியை நம்பாத ஒரே ஆள் அவர்தான்.

நல்ல வேளையாக, தனிமை தேடிப் படையோடு போகும் வழக்கத்தைக் கொடைக்கானலில் தொடங்கி வைத்தது நாங்கள் அல்ல. மதுரைச் சீமையின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து அமெரிக்கப் பாதிரிமார்கள் இந்த மலையில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது 1845-இல். மோட்டார் போகும் மலைச்சாலை வருமுன் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் ஏறினார்கள். ஒரு துரைசானி மலையின் அமைதியை நாடிப் போனால், அவரைத் தூக்க ஒரு கூட்டம், அவர்கள் களைத்தால் தோள் மாற்ற இன்னொரு கூட்டம், பெட்டி சுமக்க, சமைக்க, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்று ஆட்கள் போவார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் 'மலை ஏறினோம்' என்று ஊருக்குக் கடிதம் போடுவது துரைசானிதான். ஏறினவர்களுக்கு எழுதத் தெரியாது.

தேடிப் போகிற இயற்கையும் பாதிக்கு மேல் ஆள் வைத்துச் செய்ததுதான். அந்த நட்சத்திர வடிவ ஏரி 1863-இல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் ஓடையை மறித்துக் கட்டியது. கல்யாண ஜோடிகள் மரத்துக்கு மரம் ஒளிந்து படம் எடுக்கும் பைன் காடு வெள்ளைக்காரர் காலத்தில் நட்டது. வாட்டில் மரமும் யூகலிப்டஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து குடியேறியவை. மலையில் மனிதன் வருமுன்னே இருந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் சோலைக் காட்டுக்குள் போக வேண்டும். அங்கே அட்டை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் குதிரை.

ஏரிக்கரையில் நிற்கும் குதிரைக்காரர்கள் ஒரு பார்வையிலேயே நம் எடையைக் கணித்துவிடுகிறார்கள். "அந்தக் குதிரை வேணாம்மா, நீங்க இதுல ஏறுங்க" என்று சொல்வதில் இருக்கும் நாசூக்கு, மாதாமாதம் பணம் வாங்கும் என் மருத்துவருக்கு இல்லை. குதிரையில் இடப்பக்கமாகத்தான் ஏற வேண்டும். இடுப்பின் இடப்பக்கம் வாள் தொங்கவிட்ட வீரர்கள் வலப்பக்கம் ஏறினால் வாள் குறுக்கிடும் என்பதால் வந்த வழக்கம் என்பார்கள். என் வீட்டுக்காரரிடம் வாள் இல்லை. தொப்பை இருந்தது. அது எந்தப் பக்கம் ஏறினாலும் குறுக்கிட்டது. குதிரைக்காரர் ஒருவர் கீழிருந்து தள்ள, இன்னொருவர் மறுபக்கம் நின்று வழிந்துவிடாமல் தாங்க, பட்டாபிஷேகம் முடிந்தது.

குதிரை மெதுவாக நடக்கும்போது நான்கு கால்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்கும். அதுவரை மேலே இருப்பவர் மன்னர்தான். சற்றே வேகம் கூட்டி ஓட்டநடை போட்டால் முன் வலக்காலும் பின் இடக்காலும் ஒன்றாகத் தரையைத் தொடும். அடுத்த நொடி மற்ற ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தூக்கிப் போடல். பழகியவர்கள் அங்கவடியில் காலை ஊன்றி, தாளம் தப்பாமல் எழுந்து எழுந்து உட்காருவார்கள். என் வீட்டுக்காரர் குதிரை மேலே வரும்போது கீழே வந்தார். குதிரை கீழே போகும்போது மேலே போனார். இருவரும் நடுவழியில் சந்தித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் "முருகா" என்று ஒரு சத்தம் வந்தது. எது குரல் கொடுத்தது என்று குதிரைக்காரருக்கே சந்தேகம்.

தம்பி தன் கையில் லகான் வேண்டும் என்றான். "நம்ம பாண்டிய சீமைக்கா, குதிரைங்கிறது ரத்தத்துல ஊறினது" என்றான். பாண்டியர்களுக்கும் குதிரைக்கும் இருந்த உறவைப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். அவர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கடல்வழியாகக் குதிரை வாங்கினார்கள் என்று 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். ஏன் ஆண்டுதோறும் என்றால், வாங்கியவை பெரும்பாலும் ஆண்டுக்குள் செத்துப்போகும். பராமரிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. லாடம் கட்டத் தெரிந்தவர்கள் இந்தக் கரைக்கு வந்துவிடாதபடி குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். விற்ற பிறகு கவனிக்காமல் விடுவதில் எவ்வளவு லாபம் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. அதற்கும் முன்னால் ஒரு பாண்டியன் குதிரை வாங்க அமைச்சரிடம் பணம் கொடுத்தனுப்ப, மாணிக்கவாசகர் அதைத் திருப்பெருந்துறையில் கோயில் கட்டச் செலவழித்துவிட்டார். பிறகு சிவபெருமானே நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிவந்து ஒப்படைத்தார். ராத்திரி அவை மறுபடி நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவைத்தன. வாடகைக் குதிரையைச் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் பாண்டிய நாட்டு வரலாறு நமக்குச் சொல்லும் பாடம்.

குதிரைக்காரர் மறுப்புச் சொல்லாமல் லகானைக் கொடுத்தார். குதிரையின் கழுத்துக் கயிற்றை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டு போனில் யாருடனோ சீட்டுப் பணம் பற்றிப் பேச ஆரம்பித்தார். சோளக்கதிர் சுடும் வண்டிக்கு அருகே குதிரை தானாக நின்றது. எல்லாரும் அங்கேதான் படம் எடுப்பார்கள் என்று அதற்குத் தெரியும். தம்பி லகானை இழுத்தான், குதிகாலால் இடித்தான், இணையத்தில் படித்த ஆங்கிலச் சொற்களைச் சொன்னான். குதிரை சோளத் தோகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சை நிறுத்தாமலே குதிரைக்காரர், "டேய் ராஜா!" என்று ஓர் அதட்டுப் போட்டார். தம்பியையும் வீட்டில் ராஜா என்றுதான் கூப்பிடுவோம். இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள்.

மறுநாள் நடை. வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறை வழியாக வெள்ளகவிக்கு இறங்கும் பாதை. வழிகாட்டி இல்லாமல் நாமே போனால்தான் சாகசம் என்று தம்பி முனகினான். இந்த ஒன்றில் நான் விளையாட்டுப் பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நடக்கப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். அதன்பின் மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்தன. 2024-இல் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தபோது, அந்தந்தப் பகுதி ஆட்களையே வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்துச் சேர்த்தது. காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்தப் புல் எப்போது காயும் என்பது காலணிக் கடையில் கிடைக்காது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் பளியர் சமூகத்து இளைஞர். ரப்பர் செருப்பு, தோளில் ஒரு துண்டு. அவ்வளவுதான் உபகரணம். "இன்னும் பத்து நிமிஷந்தான்மா" என்று அவர் சொன்னதெல்லாம் உண்மை; அவருக்குப் பத்து நிமிஷம்தான். வேர்கள் படியாகக் கிடக்கும் சரிவில், நான் எந்த வேரில் கால் வைக்கப் போகிறேன் என்று எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்து, அங்கே ஒரு கை நீண்டது. தம்பியின் கைத்தடி ஒன்று இரண்டு பாறைக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. அதையும் அவரே எடுத்துக் கொடுத்தார். சற்று தூரம் போனபின் இரண்டு தடியும் அவர் கையில் இருந்தன. இன்னும் சற்று தூரத்தில் பையும். தம்பி அப்போதுதான் இயற்கையை ரசிக்க ஆரம்பித்தான்.

சோலை நிழலில் ஈரம் அதிகம். சொன்னபடி அட்டை வந்தது. அட்டை கடிப்பது தெரியாது. கடித்த இடத்தில் ஒரு பொருளைச் சேர்த்து, இரத்தம் உறையாமல் பார்த்துக்கொண்டு, வயிறு நிறைந்ததும் தானே உதிர்ந்துவிடும். வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடும் அந்தக் குணத்துக்காகவே அதை நான் மதிக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் சிலரை நினைத்துக்கொண்டேன். உப்பும் புகையிலையும் முடிந்த துணியை வழிகாட்டி எல்லார் காலிலும் ஒத்தினார். ஆனாலும் என் வீட்டுக்காரரிடம் மட்டும் அவை விடாப்பிடியாக வந்தன. "எனக்குச் சுகர் இருக்குப்பா, அதுங்களுக்கு ஆகாதுன்னு சொல்லு" என்று வழிகாட்டியிடம் முறையிட்டார். இத்தனை வருடத்தில் அவரை இனிமையானவர் என்று கண்டுபிடித்தது அட்டைகள்தான்.

வெள்ளகவிக்கு நெடுங்காலம் சாலையே கிடையாது. அரிசி பருப்பு மேலே வருவதும், விளைந்தது கீழே போவதும் தலைச்சுமையாகவும் குதிரை முதுகிலும்தான். ஏரிக்கரையில் நாங்கள் ஏறியது படம் எடுக்கும் குதிரை. இங்கே உள்ளது உத்தியோகத்தில் இருக்கும் குதிரை. உடம்புக்கு முடியாதவர்களை இறக்குவதற்கு இங்கே டோலி கட்டுகிறார்கள். துரைசானிமார் போனபின் டோலிக்கு வேலை போய்விட்டது என்று நினைத்தவள் நான்.

ஊருக்குள் செருப்பு போடும் வழக்கம் இல்லை. எல்லையில் உட்கார்ந்து நாங்கள் எல்லாரும் காலணிக் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, தலையில் மூட்டையோடு ஒரு பாட்டி வெறுங்காலில் மேலேறி வந்தார்.

"எங்கிட்டு வந்தீக தாயி? ஆரையும் பாக்கணுமா?"

"இல்லை பாட்டி, சும்மா நடக்கலாம்னு வந்தோம்."

"சும்மாவா?" மூட்டையை இறக்காமலே எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "வாகனம் கெடைக்கலியா?"

"வேன் மேலே நிக்குது. நடக்கத்தான் வந்தோம். பணம் கட்டிப் பதிவு பண்ணி வந்திருக்கோம்."

பாட்டிக்கு இப்போது எங்கள் மேல் உண்மையான இரக்கம் வந்துவிட்டது. "நடக்குறதுக்கு நீங்க காசு குடுத்தீகளா? எனக்கு ஆராச்சும் குடுத்தா நான் நடக்காம இருந்துக்கிருவேன்" என்று சொல்லிவிட்டு, வழிகாட்டியிடம் "இவுகளப் பாத்துக் கூட்டிப்போப்பா" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார். தம்பி அந்த மூட்டையை ஒரு கை பிடிக்கலாம் என்று எழுந்தான். அதற்குள் அவர் இரண்டு திருப்பம் தாண்டியிருந்தார்.

கூடாரம் பூம்பாறைப் பக்கம், பூண்டு வயல்களைப் பார்த்த ஒரு தனியார் நிலத்தில். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறரை டிகிரி என்று வெப்பம் குறைந்துகொண்டே போகும். பெரியகுளத்தில் மின்விசிறி போட்டுக்கொள்கிற அதே ராத்திரி, ஆறாயிரம் அடிக்கு மேல் பற்கள் தாமாகவே பேசுகின்றன. தம்பி வாங்கிவந்த ஸ்லீப்பிங் பேக்கில் என் வீட்டுக்காரரை நுழைத்து ஜிப்பை இழுத்ததும், பூவரச இலையில் வைத்து அவிக்கும் கொழுக்கட்டையாக முகம் மட்டும் வெளியே தெரியக் கிடந்தார். நடுராத்திரி இயற்கை அழைத்தது. வெளியில் இருந்த இயற்கை இல்லை. அந்த ஜிப்பை உள்ளிருந்து திறக்கும் வழியை விற்றவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து அவரை விடுவித்தோம்.

விடியுமுன் கூடாரத்துக்குள் மழை பெய்தது. நீர் புகாத துணி என்று தம்பி ரசீதைக் காட்டினான். நீர் வெளியிலிருந்து புகவில்லை. உள்ளே குறட்டை விட்ட அத்தனை பேரின் மூச்சும் குளிர்ந்த துணியில் பட்டு நீராகி, விட்டவர்கள் மேலேயே சொட்டியது. கூடாரத்தில் காற்றுக்கு ஒரு திறப்பு விட வேண்டும் என்பது இதற்காகத்தான். நாங்கள் குளிருக்குப் பயந்து அத்தையின் புடவையால் அதையும் அடைத்திருந்தோம்.

அந்த நேரத்தில்தான் வெளியே யாரோ பெருமூச்சு விட்டார்கள். மனிதப் பெருமூச்சாக இருந்தால் எங்களில் யாரென்று சொல்லியிருப்பேன். கொடைக்கானல் தெருக்களிலேயே காட்டுமாடுகள் சாவகாசமாக நடந்துபோகும். வளர்ந்த கடா ஒரு டன் எடைக்குப் போகும். அந்த எடைக்கும் எங்களுக்கும் நடுவே, கடையில் மிக மெல்லியது என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய ஒரு துணி. எல்லாரும் மூச்சை அடக்கினோம், சொட்டும் நின்றது. அத்தை மட்டும் புரண்டு படுத்து, "மாடுதானே, கயிறு அத்துக்கிட்டு வந்திருக்கும். ஹை, போ" என்று சொல்லிவிட்டுத் தன் தலையணையை அணைத்துக்கொண்டார். காலடிச் சத்தம் விலகிப்போனது. காலையில் விசாரித்தால், ராத்திரி முழுக்கத் தீ மூட்டி விழித்திருந்த காவல்காரர் தொலைவில் நின்று விளக்கடித்து அதை வயல் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார். அத்தை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அவரை யார் தைரியசாலி இல்லை என்று சொல்ல முடியும்? தைப்பூசத்துக்கு ஒரு மஞ்சள் பையோடு பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். மழை புகாத சட்டை கிடையாது, தடி கிடையாது, ரோட்டோரத்தில் துண்டை விரித்துத் தூங்குவார். "அத்தைதான் நிஜமான ட்ரெக்கர். ஒரு சாமானும் இல்லாம, யாரையும் நம்பாம போறாங்க" என்று தம்பி டீ குடித்துக்கொண்டே புகழ்ந்தான்.

அத்தைக்குக் கோபமே வந்துவிட்டது. "யாரையும் நம்பாமலா? நத்தத்துல ஒரு வீட்ல வருஷா வருஷம் எனக்குன்னு சுக்குக் காப்பி வச்சிருப்பாங்க. திண்டுக்கல் தாண்டினா ஒரு பிள்ளை கால்ல எண்ணெய் தேய்ச்சு விடும். அது எந்த ஊருன்னுகூட எனக்குத் தெரியாது. வழியெல்லாம் மோரு, அன்னதானம். காவடிக்காரங்க பாட்டுச் சத்தத்துலதான் ராத்திரி காலே நகரும். தனியாப் போனா எவன் போய்ச் சேருவான்? முருகனே ஆண்டியாத் தனியா நிக்கணும்னு மலை ஏறினவரு. பாரு, எவ்வளவு கூட்டம்."

தம்பி டீயைக் கீழே வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் நோட்டை எடுத்துச் செலவு எழுத உட்கார்ந்தேன். காலணி, மேலாடை, பை, கைத்தடி, கூடாரம், ஸ்லீப்பிங் பேக் ஆகியவை ஒரு பக்கம் முழுதும் நிறைந்தன. எல்லாவற்றுக்கும் ரசீது, சிலவற்றுக்கு உத்தரவாத அட்டை. எதிர்ப்பக்கத்தில் குதிரைக்காரர், வழிகாட்டி, காவல்காரர். அத்தனை பேரின் கூலியையும் கூட்டினாலும் ஒரு ஜோடிக் காலணியின் விலைக்கு வரவில்லை. அந்தக் காலணி இப்போது பரணில் இருக்கிறது. வேரில் வழுக்காமல் என்னைப் பிடித்துக்கொண்ட கை நாளைக்கும் அதே பாதையில் யாரையோ பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை கடைக்குப் போகும் பணத்தை அந்தப் பக்கத்துக்கு மாற்றி எழுதுவதாகத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவனும் சரி என்றான்; கைத்தடிகளை எனக்கே கொடுத்துவிட்டான். துணி காயப்போட முடிகிறது.

எல்லாம் எழுதி முடித்தபோது என் வீட்டுக்காரர் கணுக்காலைச் சொறிந்துகொண்டே எட்டிப் பார்த்து, கணக்கு உதைக்கிறது என்றார். அட்டைகளுக்குக் கொடுத்ததை எந்தத் தலைப்பில் எழுதியிருக்கிறாய் என்று கேட்டார்.

தர்மக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.